பங்குக் கிணற்றுக்குப் பூட்டு விழுமுன்

யாழ்ப்பாணத்துப் பழைய சீதன உறுதிகள் பலவற்றில், காணியின் பெயர், பரப்பு, குழி, நாலு பக்க எல்லை எல்லாம் எழுதி முடிந்தபின் அடியில் ஒரு வரி கிடக்கும்: கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் பாத்தியதையும். காணி வாங்க வருகிறவர் வீட்டுக் கூரையை விசாரிப்பார், மாமரத்தின் காய்ப்பை விசாரிப்பார், மதில் யாருடையது என்றுகூடக் கேட்பார். இந்த வரியைப் பற்றிக் கேட்பவர் குறைவு. ஆறென்று சொல்ல வழுக்கையாறு ஒன்றுதான் உள்ள குடாநாடு இது; அதுவும் மாரியில் மட்டுமே ஓடும். இங்கே தண்ணீரும் வழியும் இல்லாத காணியை வைத்து என்ன செய்வது?

பங்குக் கிணறு எப்படி உண்டானது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஒரு பெரிய வளவு பிள்ளைகளுக்குப் பிரிந்தது. சுண்ணாம்புக் கல்லை உடைத்து ஆளுக்கொரு கிணறு வெட்ட வசதி இல்லை. நடுவில் இருந்த கிணறு பொதுவாக நின்றது. அதற்குப் போகும் பாதை ஒழுங்கையாயிற்று. தோட்டக் கிணறென்றால் இறைப்புக்கு முறை வைத்தார்கள்: இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. மாரிக்கு முன் எல்லோரும் கூடிக் கிணற்றைக் கலக்கி இறைத்தார்கள். காசு இல்லாதவர் உடலுழைப்பைக் கொடுத்தார். தலைவர், செயலாளர், சந்தா எதுவும் இல்லை. அண்ணன் சொன்னால் தம்பி கேட்பார் என்ற நம்பிக்கைதான் நிர்வாகம்.

அந்த நிர்வாகம் இப்போது இல்லை. 1990இல் வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்தது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. பிறகு ரொறன்ரோ, லண்டன், பாரிஸ். இன்று ஒரு கிணற்றுக்கு நாலு பங்காளிகள் என்றால், ஒருவர் ஊரில், ஒருவர் கொழும்பில், ஒருவர் கனடாவில். நாலாவது ஆள் காலமாகி, அவர் பங்கு எழுதப்படாமலே பிள்ளைகளிடம் கிடக்கிறது. ஊரில் இருப்பவர் செலவு முழுவதையும் சுமக்கிறார், அல்லது கிணறு முழுவதையும் தனதாக்கிக்கொள்கிறார். இரண்டும் பிழை. இரண்டுக்கும் சட்டத்தில் பரிகாரம் உண்டு.

வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு வாங்கினால் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி ஆதனச் சட்டம் உங்களைச் சூழ்ந்துகொள்ளும். மாடிப்படிக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் பொறுப்பாக ஒரு முகாமைக் கூட்டுத்தாபனம், மேற்பார்வைக்குக் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை, ஒவ்வொரு வீட்டுக்கும் விகிதப்படி பராமரிப்புப் பணம் என்று அதில் ஒழுங்கு இருக்கிறது. யாழ் நகரில் எழும் தொடர்மாடிகளுக்கும் அது பொருந்தும். நம்முடைய வளவுக் கிணற்றுக்கு அப்படியொரு சபை இல்லை. தேசவழமை, உரோமன் டச்சுச் சட்டத்தின் கூட்டுரிமை விதிகள், பத்து வருட ஆட்சி பற்றிய 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஆகியவைதான் நமக்குத் துணை.

முதலில் பார்க்கவேண்டியது, கிணறு நிற்கும் நிலம் யாருடையது என்பதுதான். கிணறும் கிணற்றடியும் எல்லோருக்கும் பொதுவான துண்டாக விடப்பட்டிருந்தால் நீங்கள் கூட்டுச் சொந்தக்காரர். கிணறு அடுத்தவர் காணிக்குள் நின்று, உங்கள் உறுதியில் தண்ணீர் அள்ளவும் வாய்க்கால் விடவும் நடந்து போகவும் மட்டும் உரிமை எழுதப்பட்டிருந்தால் அது வேறு. நிலம் அவருடையது, பாவனை உரிமை உங்களுடையது. அந்த உரிமை உங்கள் காணியோடு ஒட்டியது. காணி கைமாறினால் அதுவும் சேர்ந்து போகும். நிலத்துக்காரர் தன் காணியை வேறொருவருக்கு விற்றாலும் உங்கள் உரிமை அழியாது. புதிதாக வந்தவர் “உங்களுக்கும் எனக்கும் பேச்சில்லை” என்று படலையைச் சாத்த முடியாது.

கூட்டுச் சொந்தக்காரர் ஒருவர் கிணற்றடிக்குப் பூட்டுப் போட்டால் என்ன? 1911இல் கொரயா எதிர் அப்புஹாமி வழக்கில் பிரிவிக் கவுன்சில் தெளிவாகச் சொன்னது: ஒரு பங்காளியின் ஆட்சி எல்லாப் பங்காளிகளின் ஆட்சியே. மற்றவர்களை விலக்கிவிட்டதாக வெளிப்படையாகக் காட்டாமல், பல வருடம் தனியே இருந்ததை மட்டும் வைத்து அவர் சொந்தம் கொண்டாட முடியாது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் இதை நம்பித் தூங்கிவிடவும் கூடாது. நீண்டகாலம் ஒருவர் மட்டுமே முழுதாக அனுபவித்து, மற்றவர்கள் வாயே திறக்காதிருந்தால், மற்றவர்கள் விலக்கப்பட்டதாக நீதிமன்றம் ஊகிக்கலாம் என்று 1918இலேயே தீர்ப்பு வந்துவிட்டது. மதில் எழும்பும்போது பேசாமல் இருப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. தொலைபேசியில் அழுவது சான்றாகாது. பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி, அதன் பிரதியையும் பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

பத்து வருடம் தடையின்றிப் பயன்படுத்தினால் உரிமை வந்துவிடும் என்று ஊரில் சொல்வதிலும் பாதிதான் உண்மை. உரிமையோடு, எதிராளிக்கு எதிராகப் பயன்படுத்தியிருக்க வேண்டும். “பாவம், அள்ளிக்கொண்டு போகட்டும்” என்று அயலவர் விட்ட தண்ணீரை முப்பது வருடம் அள்ளினாலும் அது அனுமதிதான். போர்க்காலத்தில் ஊரில் இல்லாமல் உரிமை இழந்தவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் செயலால் நீதிமன்றம் போக முடியாதவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தை எண்ணக்கூடாது என்றது அது. வழக்கிட அது கொடுத்த அவகாசம் இரண்டே வருடம். வெளிநாட்டில் இருந்த எத்தனை பேருக்கு அந்த அவகாசம் காதில் விழுந்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

செலவு விஷயத்தில்தான் உறவு முறிகிறது. இடிந்து விழப்போகும் கட்டைக் கட்டுவது, தூர்ந்த கிணற்றைத் துப்புரவாக்குவது போன்ற அவசியமான திருத்தத்தை ஒரு பங்காளி செய்தால், மற்றவர்களிடம் அவரவர் பங்குக்குரிய தொகையைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் கிணற்றடி முழுவதற்கும் மாபிள் பதித்துவிட்டு “உன் பங்கைத் தா” என்றால் அது நியாயமும் அல்ல, சட்டமும் அல்ல. பொது நிலத்தில் புதிதாக எதையும் கட்ட மற்றவர்களின் சம்மதம் வேண்டும். கூலிச் சிட்டை, சீமெந்துப் பற்றுச்சீட்டு, திருத்துவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படம் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். வேலை தொடங்குமுன்பே கனடாவில் உள்ளவருக்கும் வட்ஸ்அப்பில் எழுத்தில் அறிவித்துவிடுங்கள்.

ஒரு கிணற்றில் நாலு மோட்டர் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். நாலு குழாய், நாலு வயர், ஒன்றில் வயர் உரிந்து இன்சுலேசன் ரேப் சுற்றியிருக்கும். கிணற்றுக்குள் இறங்குபவருக்கு அந்த ஒரு வயர் போதும், உயிர் போக. கலக்கி இறைக்கும் நாளில் நாலு வீட்டு மெயின் சுவிச்சும் நிறுத்தப்பட்டதை ஒருவர் பொறுப்பெடுத்துப் பார்க்கவேண்டும். மண்ணெண்ணெய் மெசினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிடவே கூடாது. அதன் புகை அடியில் தேங்கி, இறங்கியவரையும் அவரைத் தூக்கப் போனவரையும் கொல்லும்.

சண்டை முற்றினால் ஒருவர் கோபத்தில் தன் துண்டில் குழாய்க் கிணறு அடிக்கிறார். இது எல்லோரையும் கெடுக்கும் வேலை. குடாநாட்டின் நன்னீர், சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் உவர்நீரின் மேல் மிதந்து நிற்பது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு அடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் என்பது நிலத்தடி நீரியலின் கணக்கு. மேலே ஒரு அடி இறங்கினால் கீழே உவர் நாற்பது அடி ஏறப் பார்க்கும். ஆழமாகத் துளைத்துப் பெரிய மோட்டர் பூட்டியவரின் தண்ணீர் முதலில் உவராகும். பிறகு பங்குக் கிணறும் உவராகும்.

தண்ணீரின் சுத்தமும் அப்படித்தான். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் ஐம்பது அடி இடைவெளி என்று பொதுவாகச் சொல்வார்கள். வெடிப்பு விழுந்த கல்லில் அது போதும் என்று நிம்மதியாக இருக்க முடியாது. வளவு துண்டு துண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரு மலக்குழி வந்துவிட்டது. தோட்டத்து உரத்திலிருந்தும் மலக்குழியிலிருந்தும் இறங்கும் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க உதவாது. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு அது நேரடி ஆபத்து. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற இன்னும் செறியும். பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி நீரைப் பரிசோதிப்பியுங்கள். வெள்ளம் கிணற்றுக்குள் புகுந்தால் இறைத்து, அவர் சொல்லும் அளவில் குளோரின் இட்டபின்தான் பாவிக்கவேண்டும். ஆளில்லாத வளவில் கிடக்கும் கிணறும் உடைந்த தொட்டியும் நுளம்புப் பண்ணையானால், 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தில் சொந்தக்காரரும் பொறுப்பாளி.

கேடு வெளியிலிருந்து வந்தாலும் கேட்க இடமுண்டு. சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரத்தில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நொதேர்ன் பவர் நிறுவனத்தை 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தச் சொன்னது. தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டுக் குழாய்த் தண்ணீர் வருகிறது, இனிக் கிணறு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். தோட்டத்துக்கும் குளிப்புக்கும் கிணறுதான். பாவிக்காமல் குப்பை கொட்டப்படும் கிணறு பக்கத்து வீட்டுக் கிணற்றையும் கெடுக்கும்.

ஒழுங்கை மெதுவாகச் சாகிறது. கதியால் வேலி அடைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சாண் வெளியே நட்டு, கடைசியில் அந்தக் கோட்டிலேயே மதிலைக் கட்டிவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் இப்படி நகர்ந்தால் அம்புலன்ஸ் உள்ளே வராது. ஒழுங்கை பிரதேச சபையின் வீதிப் பதிவில் இருக்கிறதா என்று சபையில் கேளுங்கள். இருந்தால் ஆக்கிரமிப்பை அகற்றவும் திருத்தவும் சபைக்குக் கடமை உண்டு. இல்லையென்றால் பங்காளிகள் எல்லோரும் எழுதிக் கொடுத்துச் சபைக்குப் பாரப்படுத்தலாம். என் அபிப்பிராயத்தில் மூன்று வீட்டுக்கு மேல் உள்ள ஒழுங்கைக்கு அதுவே நல்லது.

பொதுக் கிணறுகள் பற்றி ஒன்று சொல்லாமல் விடமுடியாது. சாதியின் பேரால் ஒருவரைப் பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கவிடாமல் தடுப்பது, 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். “ஊர் வழமை” என்று சொல்லித் தப்ப முடியாது. பொலிசில் முறையிடலாம்.

பலருக்குத் தெரியாத இன்னொரு பொறி பங்கீட்டு வழக்கு. பக்கத்துக் காணியைப் பிரிக்கக் கோரி 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டால், இறுதித் தீர்ப்பில் எழுதப்படாத வழியுரிமையும் கிணற்றுரிமையும் அழிந்துவிடும். நூறு வருடத்து உறுதி கையில் இருந்தாலும் உதவாது. அயல் காணியில் நில அளவையாளர் வந்தாலோ அறிவித்தல் ஒட்டப்பட்டாலோ, என்ன வழக்கென்று விசாரித்து, உங்கள் உரிமையை அந்த வழக்கிலேயே கோருங்கள்.

பங்கை விற்கும்போது தேசவழமைப்படி மற்றப் பங்காளிகளுக்கு முன்னுரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதை ஒழுங்குபடுத்துகிறது. அவர்களுக்கு அறிவிக்காமல் வெளியாருக்கு விற்றால் வாங்கியவரும் வழக்கில் மாட்டுவார்.

பிணக்கு வந்துவிட்டால் முதற்படி மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான இந்தச் சபையில் சட்டத்தரணி பேச இடமில்லை, நீங்களே பேசலாம். குறிப்பிட்ட பெறுமதிக்கு உட்பட்ட பிணக்குகளை, இணக்கம் வரவில்லை என்ற சபையின் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் எடுக்காது. கைகலப்பு வரும்போல் இருந்தால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் பொலிசோ நீங்களோ விண்ணப்பிக்கலாம். வழியையும் கிணற்றையும் மறிக்காதிருக்க நீதிமன்றம் கட்டளையிட முடியும். காணியிலிருந்தே பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால் இரண்டு மாதத்துக்குள் போகவேண்டும். இந்தக் கட்டளை சமாதானம் காக்கத்தான். உரிமை யாருக்கு என்பதை மாவட்ட நீதிமன்றமே தீர்க்கும். வழக்கறிஞருக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள்.

இதெல்லாம் வராமல் காக்க, பங்காளிகள் உயிரோடு இருக்கும்போதே ஒரு வேலை செய்யலாம். கிணறு, கிணற்றடி, ஒழுங்கை எல்லாவற்றையும் அளந்து நில அளவையாளரிடம் ஒரு படம் எடுங்கள். யாருக்கு எந்த நாளில் இறைப்பு, மோட்டர் எத்தனை, மின்கட்டணம் யார் பெயரில், வருடத்துக்கு ஒருமுறை துப்புரவுக்கு ஆளுக்கு எவ்வளவு, புதிய மலக்குழி எவ்வளவு தள்ளி என்பதை எழுதுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் அற்றோர்ணித் தத்துவத்தைக் கண்ணை மூடிக்கொண்டு முழு அதிகாரத்தோடு கொடுக்காமல், பராமரிப்புக்கும் வழக்குக்கும் மட்டும் கொடுக்கலாம். விற்கும் அதிகாரம் அதில் வேண்டாம். வெறும் கடுதாசியில் எல்லோரும் கையெழுத்து வைப்பது செலவுக் கணக்குக்கு உதவும், நில உரிமைக்கு உதவாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி அதற்கு நொத்தாரிசு முன் முடித்த உறுதி வேண்டும். முடித்த கையோடு காணிப் பதிவகத்தில் பதிந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.