குழாய்க்குள் புகும் போர்

ஒரு நகரத்தைத் தவிக்கவிட அதன் அணையில் குண்டு போட வேண்டியதில்லை. மின்சாரத்தை நிறுத்தினாலே போதும். 1991 வளைகுடாப் போரில் இராக்கின் மின்நிலையங்கள் தகர்க்கப்பட்டபோது, நீரேற்று நிலையங்களும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் சேர்ந்தே முடங்கின. பாக்தாத் நடுவே டைக்ரிஸ் ஆறு வழக்கம்போல ஓடியது. அந்த நீரைச் சுத்தமாக்கி வீடுவரை தள்ளத்தான் விசை இல்லை.

மோட்டார் நின்றதும் ஆபத்து குழாய்க்குள்ளேயே தொடங்குகிறது. விரிசலே இல்லாத குழாய் வலை எந்த ஊர் மண்ணுக்கடியிலும் கிடையாது. உள்ளே அழுத்தம் இருக்கும்வரை அந்த விரிசல்கள் வழியே நல்ல நீர் வெளியேதான் கசியும். அழுத்தம் விழுந்தால் திசை மாறிவிடும். பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே இறங்கும். குளோரின் கையிருப்பும் தீர்ந்துவிட்டால் வயிற்றுப்போக்கு, டைபாய்டு, காலரா என்று வரிசை கட்டும். நெடுங்காலப் போரில் சிக்கிய 16 நாடுகளின் நிலையை யுனிசெப் 2019இல் வெளியிட்டது. அங்கே 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நேரடி வன்முறையில் இறப்பதைவிட, அசுத்த நீரால் வரும் வயிற்றுப்போக்கில் இறக்கும் வாய்ப்பு சராசரியாக ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக இருந்தது.

போஸ்னியத் தலைநகர் சரயேவோ 1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி வரை முற்றுகையில் கிடந்தது. நகருக்கு நீர் தந்த முக்கியக் கிணறுகள் இலிஜா பகுதியில், முற்றுகையிட்டவர்களின் பிடியில் இருந்தன. அப்போது கைகொடுத்தது ஒரு பீர் ஆலை! பீர் தயாரிக்க அது நம்பியிருந்த நிலத்தடி ஊற்று குண்டுகளுக்கு எட்டாத ஆழத்தில் இருந்தது. மக்கள் அங்கே வரிசையில் நின்று கேன்களை நிரப்பி, குழந்தை வண்டியிலும் பனிச்சறுக்கு வண்டியிலும் இழுத்துப்போனார்கள். குளித்த நீரும் துவைத்த நீரும் கழிப்பறைக்குப் போயின. காய்ச்சிக் குடிக்க விறகு வேண்டுமே. பூங்கா மரங்கள் அடுப்பில் எரிந்தன.

அந்த வரிசைகளையும் போர் விடவில்லை. 1993 ஜூலை 12 அன்று டோப்ரின்யா பகுதியில் தண்ணீருக்குக் காத்திருந்தோர் நடுவே குண்டு விழுந்து பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

அமெரிக்க நிவாரண வல்லுநர் ஃப்ரெட் கியூனியின் குழு வேறு வழி கண்டது. சுத்திகரிப்புக் கருவிகளை விமானத்தில் கொண்டுவந்து, குண்டு துளைக்காத சாலைச் சுரங்கத்துக்குள் நிறுவி, மில்யாட்ஸ்கா ஆற்று நீரைச் சுத்தம் செய்தது.

குடிநீர் நிலையங்களைத் தாக்கக் கூடாது என்கிறது ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977ஆம் ஆண்டுக் கூடுதல் நெறிமுறை, பிரிவு 54. அவற்றை ஓட்டும் மின்நிலையங்கள் அந்தப் பிரிவின் பட்டியலில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை.

உக்ரைனின் மிக்கோலாயிவ் நகருக்கு நீப்பர் ஆற்றிலிருந்து வந்த குழாய் 2022 ஏப்ரலில் போரில் சிதைந்தது. சுமார் ஒரு மாதம் குழாய்கள் வறண்டன. பிறகு கழிப்பறைக்கும் கழுவலுக்குமாவது ஆகட்டுமென்று அருகிலுள்ள முகத்துவாரத்து உப்புநீரை ஏற்றினார்கள். குடிநீருக்கு, தெருமுனை விநியோக மையங்களில் பாட்டில்களோடு மக்கள் காத்திருந்தார்கள். உப்பிலுள்ள குளோரைடு, எஃகின் மேலுள்ள பாதுகாப்புப் படலத்தை உடைத்து உலோகத்தை அரிக்கும். அதனால் குண்டே படாத தெருக்களிலும் குழாய்கள் வெடித்தன. ஒட்டுப்போட்டு மாளாத பழுது இது. நகரின் குழாய்களையே மாற்றியாக வேண்டியிருந்தது.