உஷார்! தனியாகக் கப்பல் ஏறுகிறவர்களே, ‘ஒருவருக்கு’ என்ற விலையை நம்பிவிடாதீர்கள்

திருச்சியில் இருக்கும் என் அத்தை வாட்ஸப்பில் ஒரு விளம்பரத்தை அனுப்பியிருந்தார். சிங்கப்பூரில் கிளம்பி பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் சொகுசுக் கப்பல். மூன்று இரவு, சாப்பாடு உள்பட. கொட்டை எழுத்தில் ‘ஒருவருக்கு ரூ. 31,500’. பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி. கூடவே அத்தையின் குரல் பதிவு: “போகலாம்னு இருக்கேம்மா. மாமா இருந்தப்பவே ரெண்டு தடவை பேசிப் பேசி விட்டுப்போச்சு. ரிட்டயர்மென்ட் பணத்துல கொஞ்சம் எடுத்தா போதும். என்ன சொல்றே?”

தாராளமா போங்க அத்தை என்று சொல்லிவிட்டேன். அந்த நட்சத்திரக் குறியை நானும் கவனிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து டிராவல்ஸ் ஆபீஸிலிருந்தே போன் செய்தார். குரல் இறங்கிப்போயிருந்தது. கையில் கொடுத்த கொட்டேஷனில் மொத்தத் தொகை 89,600 ரூபாய். விமான டிக்கெட், விசா எதுவும் அதில் சேரவில்லை. “நான் ஒருத்திதானேம்மா போறேன்? தப்பா போட்டுட்டாங்களா?”

அறை வாடகையை அவர்கள் தப்பாகப் போடவில்லை. உலகம் முழுவதும் அதை அப்படித்தான் போடுகிறார்கள். தனியாகப் பயணம் போகும் எண்ணம் உள்ள எல்லோரும், முக்கியமாக ஓய்வு பெற்றவர்கள், துணையை இழந்தவர்கள், திருமணம் ஆகாதவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

அந்த நட்சத்திரத்துக்குக் கீழே, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில், ‘ட்வின் ஷேரிங்’ என்று இருக்கும். இரண்டு பேர் தங்கும் கேபினை இரண்டு பேர் பங்கிட்டால் ஆளுக்கு இவ்வளவு என்று அர்த்தம். அதாவது விளம்பரத்தில் இருப்பது பாதி அறையின் விலை. பாதி அறையை யாரும் தனியாக விற்பதில்லை. ஒருவர் மட்டும் போனால் மீதிப் பாதிக்கும் அவரே கட்ட வேண்டும். இதற்கு டிராவல்ஸ்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘சிங்கிள் சப்ளிமென்ட்’. பல கப்பல்களில், பல தேதிகளில், இது முழு நூறு சதவீதம். 31,500 என்று படித்தவர் 63,000 கட்டுகிறார்.

இந்தத் தொழில் கணக்குப் பார்க்கும் விதமே அப்படி. ஒரு கேபினுக்கு இரண்டு பேர் என்று எண்ணி, அப்படி எல்லாக் கேபினும் நிறைந்தால் அதை நூறு சதவீதம் என்கிறார்கள். மூன்றாவது, நான்காவது படுக்கையில் குழந்தைகள் வந்தால் நூறைத் தாண்டும். பெரிய நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் 105, 108 சதவீதம் என்று வருவது இதனால்தான். டிக்கெட் பணம் மட்டும் அவர்களுக்குப் போதாது. பார், சூதாட்டக்கூடம், ஸ்பா, கடை, கரைச் சுற்றுலா என்று கப்பலுக்குள் ஆகும் செலவிலிருந்தும் வருமானத்தில் கணிசமான பங்கு வருகிறது. ஒருத்தர் மட்டும் இருக்கும் கேபின் அவர்கள் ஏட்டில் பாதி காலி. வராத அந்த ஆளின் பங்கை வந்தவரிடம் வாங்கிவிடுகிறார்கள். தனியாக நிற்கிறவர்மேல் விழும் இந்தச் சுமை எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் விதிமுறையில் எழுதி வைத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட்ட பிறகு வாதாட முடியாது.

ஆனால் அத்தையின் தாளில் விதிமுறையில் இல்லாத ஒன்றும் இருந்தது. போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி வரிவரியாகப் பார்த்தேன். கேபின் 31,500, பெருக்கல் இரண்டு, 63,000. துறைமுகக் கட்டணமும் வரியும் 8,200, பெருக்கல் இரண்டு, 16,400. டிப்ஸ் 5,100, பெருக்கல் இரண்டு, 10,200.

இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். துறைமுகக் கட்டணமும் வரியும் பொதுவாகத் தலைக்கணக்கு. கப்பலில் ஏறுவது ஒரு தலை. டிப்ஸும் அப்படியே: பெரிய நிறுவனங்கள் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர் என்று பில்லில் தானாகவே சேர்க்கின்றன. அது ஆளுக்கு, கட்டிலுக்கு அல்ல. இல்லாத ஒரு மனிதருக்குத் துறைமுக வரியும், அவருக்குப் பரிமாறாத சாப்பாட்டுக்கு டிப்ஸும் என் அத்தை கட்ட இருந்தார். ஏஜென்ட் வேண்டுமென்றே செய்தாரா, தாளில் இருந்த எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டால் பெருக்கினாரா, எனக்குத் தெரியாது. “கப்பல் கம்பெனியின் சொந்த இன்வாய்ஸைக் காட்டுங்கள்” என்று கேட்கச் சொன்னேன். மறுநாளே புதுத் தாள் வந்தது. 13,300 ரூபாய் குறைந்து 76,300. கேட்காமல் இருந்திருந்தால் அந்தப் பணம் போனதுதான்.

எனவே கொட்டேஷன் கையில் வந்ததும் அடியில் இருக்கும் மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். எந்தெந்தத் தொகை இரட்டிப்பாகியிருக்கிறது என்று பாருங்கள். அறைக்கு இரட்டிப்பு இருக்கலாம். ஆள்கணக்கில் வருவதற்கு இருக்கக் கூடாது. ஜிஎஸ்டியும், வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குப் பிடிக்கும் டிசிஎஸ்ஸும் இந்த வீங்கிய மொத்தத்தின் மேல்தான் ஏறும். டிசிஎஸ் உங்கள் பான் எண்ணில் வரவாகும் பணம். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால்தான் திரும்பும். பென்ஷனில் வாழும் பலர் தாக்கல் செய்வதே இல்லை, அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

சரி, துணைக்கு ஒரு தோழியைச் சேர்த்துக்கொண்டால் பாதி மிச்சம்தானே என்று தோன்றும். அத்தைக்கும் தோன்றியது. இதில் ஒரு ஆபத்து இருக்கிறது, பலருக்குப் பணம் போகும்வரை தெரிவதில்லை. கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது தோழிக்கு முழங்கால் வலி வந்து அவர் விலகிவிட்டால் என்ன ஆகும்? உங்கள் முன்பதிவு அப்போதே தனி ஆள் முன்பதிவாக மாறிவிடும். பெரும்பாலான ஒப்பந்தங்களில், மிச்சமிருப்பவர் தனியாள் கட்டணத்துக்கு உயர்த்திக் கட்ட வேண்டும் என்று இருக்கிறது. நீங்களும் விலகலாம் என்றால், கடைசி நாட்களில் ரத்து செய்தால் கட்டிய பணத்தில் பெரும்பகுதி, சில சமயம் முழுவதும், திரும்பாது. ஆகவே சேர்ந்து பதிவு செய்யும் முன், ஒருவர் விலகினால் அந்தக் கூடுதல் தொகைக்கு யார் பொறுப்பு என்று இரண்டு பேரும் பேசி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நீண்ட நாள் சிநேகிதம் இதில் முறிவதை நான் பார்த்திருக்கிறேன். பயணக் காப்பீடு எடுக்கும்போதும், உடன் தங்குபவர் விலகுவதால் வரும் இந்தக் கூடுதலுக்கு ஈடு உண்டா என்று பாலிசியிலேயே படித்துப் பாருங்கள். ஏஜென்ட் வாயால் சொல்வதை ஏற்காதீர்கள்.

தனி ஆளுக்கென்றே கட்டிய கேபின்களும் உண்டு. நார்வீஜியன் குரூஸ் லைன் 2010-ல் ‘நார்வீஜியன் எபிக்’ கப்பலை இறக்கியபோது அதில் 128 ஸ்டூடியோ கேபின்களை வைத்தது. ஒவ்வொன்றும் நூறு சதுர அடி அளவு. ஜன்னல் கடலைப் பார்க்காது, நடைபாதையைப் பார்க்கும். தனியாக வருகிறவர்கள் கூடிப் பேச ஒரு கூடமும் உண்டு. ராயல் கரீபியனின் குவாண்டம் ரகக் கப்பல்கள் சிலவற்றிலும் ஒற்றைக் கேபின்கள் இருக்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ‘சிங்கிள் கேபின், சப்ளிமென்ட் கிடையாது’ என்ற வாசகத்தைப் பார்த்தவுடன் பணத்தை நீட்டிவிட வேண்டாம். எண்ணிக்கை குறைவு, கேட்பவர்கள் அதிகம். அதனால் அதன் விலையையே ஏற்றி வைத்திருப்பார்கள். அதே கப்பலில் ஜன்னல் இல்லாத சாதாரண இரட்டை அறையை இரு மடங்கு கொடுத்து எடுத்தால்கூடச் சில நாட்களில் அதைவிட மலிவாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, வரி டிப்ஸ் எல்லாம் சேர்ந்த மொத்தத்தை ஒப்பிட வேண்டும்.

சப்ளிமென்ட் எல்லாத் தேதிக்கும் ஒன்றல்ல என்பதையும் ஏஜென்ட்டுகள் தாமாகச் சொல்வதில்லை. பள்ளி விடுமுறை, பண்டிகைக் காலங்களில் நூறு சதவீதத்தில் நிற்பது, கூட்டம் குறைந்த வாரத்தில் ஐம்பதுக்கு இறங்கலாம். கேட்டால்தான் தேடுவார்கள். இரு மடங்கு கட்டியே போகிறீர்கள் என்றால் உறுப்பினர் புள்ளிகளையும் கேளுங்கள். ராயல் கரீபியனில் 200 சதவீதம் கட்டித் தனியாகத் தங்குபவருக்கு இரவுக்கு இரட்டைப் புள்ளி உண்டு.

டிக்கெட்டோடு முடிந்துவிடாது. கரையில் இறங்கினால் டாக்ஸிக்காரர் கேட்பது வண்டிக்கு; நான்கு பேர் பகிர்வதை நீங்கள் ஒருவரே கொடுக்க வேண்டும். ‘பாங்காக்’ என்று பயணத் திட்டத்தில் போட்டிருக்கும் பல கப்பல்கள் நிற்பது லேம் சபாங் துறைமுகத்தில். அங்கிருந்து பாங்காக் நகரம் நூறு கிலோமீட்டருக்கு மேல். தனியாக வண்டி பிடித்துப் போய்வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கப்பல் ஏற்பாடு செய்யும் பஸ்ஸில் ஒரு சீட் வாங்குவது தனி ஆளுக்குப் பெரும்பாலும் மலிவு, பாதுகாப்பும் கூட. சொந்தமாகப் போய் நேரத்துக்குத் திரும்பாவிட்டால் கப்பல் காத்திருக்காது. அடுத்த துறைமுகம்வரை உங்கள் செலவில் நீங்களே போய்ச் சேர வேண்டும்.

போன் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை. நடுக்கடலில் உங்கள் மொபைல் கப்பலின் சொந்த நெட்வொர்க்கைத் தானாகப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் வாங்கிய சாதாரண வெளிநாட்டு ரோமிங் பேக் பெரும்பாலும் அங்கே செல்லாது. பேசாமலே, பின்னால் ஓடும் ஆப்களின் டேட்டாவுக்கே ஆயிரக்கணக்கில் பில் வரும். ஏறியதும் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். கப்பல் வைஃபைக்குத் தனிக் கட்டணம், அதுவும் ஒரு கருவிக்கு ஒரு நாளைக்கு.

ஏறும்போது உங்கள் கார்டிலிருந்து ஒரு தொகையை நிறுத்திவைப்பார்கள். டெபிட் கார்டு கொடுத்தால் அந்தப் பணம் உங்கள் கணக்கிலேயே முடங்கிக் கிடக்கும். தம்பதியாகப் போகிறவர்களுக்கு இன்னொருவர் கார்டு இருக்கும். தனி ஆளுக்கு ஒரே கார்டு என்றால் நடுவழியில் தவிப்புதான். இரண்டு எடுத்துப் போங்கள். கப்பல் டாக்டருக்கும் தனியார் ஆஸ்பத்திரி மாதிரி கையோடு பில். இந்தியாவில் எடுத்த சாதாரண மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் அங்கே உதவாது. அவசரத்தில் கரைக்குக் கொண்டுபோகும் செலவையும் சேர்த்து ஏற்கும் வெளிநாட்டுப் பயணக் காப்பீடு இல்லாமல், உடன் யாரும் இல்லாத ஒருவர் ஏறவே கூடாது என்பேன்.

2022-ல் சென்னையிலிருந்தே சொகுசுக் கப்பல் ஓடத் தொடங்கி, மறு வருஷம் இலங்கைக்கும் போய்வந்த பிறகு, நம்மூரில் ஆசை கூடியிருக்கிறது. உள்நாட்டு விளம்பரங்களிலும் ‘ஒருவருக்கு’ என்ற சொல் அதே சின்ன நட்சத்திரத்தோடுதான் வருகிறது.

அத்தை முதலில் கேட்ட தேதியை விட்டுவிட்டார். தை பிறந்து பொங்கல் விடுமுறை முடிந்த வாரத்தில் ஐம்பது சதவீத சப்ளிமென்ட்டில் ஒரு கேபின் கிடைத்தது, ஜன்னல் இல்லாதது. கேபின் 47,250, துறைமுகக் கட்டணமும் டிப்ஸும் ஓர் ஆளுக்கு 13,300, ஆக 60,550. பணத்தை யாருடைய சொந்த யுபிஐ எண்ணுக்கும் அனுப்பாமல் நிறுவனக் கணக்கில் கட்டி, அவர் பெயரும் கேபின் எண்ணும் அச்சான உறுதிச்சீட்டை வாங்கிய பிறகுதான் விமான டிக்கெட் போட்டோம். நேற்று ராத்திரி ஏரோப்ளேன் மோடு எங்கே இருக்கிறது என்று மறுபடி கேட்டார். மூன்றாவது தடவை காட்டிக்கொடுத்தேன்.