உஷார்! தேதி குறிக்கும் முன் ஸ்தபதியைப் பாருங்கள்

தை மாதம் கும்பாபிஷேகம். யாகசாலைப் பந்தலுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, அன்னதானத்துக்கு ஆள் பேசியாயிற்று. "உற்சவர் சிலைதானே, சுவாமிமலையில் சொன்னால் வந்துவிடும்" என்று ஐப்பசியில் கார் ஏறும் விழாக் கமிட்டிகளே, வண்டியை நிறுத்துங்கள்!

சுவாமிமலைப் பஞ்சலோகச் சிலை, ஒரே அச்சில் நூறு அடித்துத் தள்ளும் சரக்கல்ல. தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் மூன்றையும் காய்ச்சிக் கலந்து, தலை வேறு, கை கால் வேறாகச் செய்து ஒட்டி முதலில் மெழுகில் முழு உருவமும் எழ வேண்டும். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணை மெல்லப் பூசுவார்கள். அது காய்ந்த பிறகுதான் களிமண்ணும் மணலும் கலந்த அடுத்த பூச்சு. காய்வதும் நிழலில், வெயிலில் வைத்தால் உள்ளே மெழுகு இளகிவிடும்.

ஆபத்து இங்கேதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் லேசில் காயாது. மெழுகை உருக்கி வெளியேற்ற அவசரப்பட்டு அரைகுறை ஈரத்தோடு சூடேற்றினால் மண் கூடு விரியும். ஈரம் தங்கிய கூட்டில் உருக்கிய உலோகம் இறங்கினால் ஆவி கிளம்பும். சிலையில் ஓட்டை விழும், வார்ப்பவருக்கும் ஆபத்து. வார்ப்பு தவறினால் ஒட்டுப்போட வழி தேடாதீர்கள். மெழுகு உருகிப் போயிற்று, கூட்டையும் உடைத்தாயிற்று. மறுபடி முதலிலிருந்துதான்.

நன்றாக வந்த வார்ப்பும் கரடுமுரடாகவே வெளியே வரும். அரமும் உளியும் வைத்து ஆடை மடிப்பு, ஆபரணம், விரல் நகம் வரை செதுக்குவதில் வாரக்கணக்கில் போகும். நெருக்கினால் ஸ்தபதி கைவைக்கக்கூடிய இடமும் இதுதான். மழுங்கிய முகத்தோடு சுவாமி வந்து இறங்குவார்.

2023-இல் ஜி20 மாநாட்டுக்காக டெல்லி பாரத் மண்டபத்தில் நிறுவிய நடராஜரைச் சிலர் உதாரணம் காட்டுகிறார்கள். 27 அடி, சுமார் 18 டன். சுவாமிமலை ஸ்தபதிகள் 7 மாதத்தில் முடித்தார்கள். "அதுவே 7 மாதமென்றால் நம் இரண்டடி அம்மனுக்கு 7 நாள் போதாதா?" போதவே போதாது! எத்தனை ஆள் சேர்த்தாலும் மண் காய்வது மண்ணின் வேகத்தில்தான். ஓரடிச் சிலைக்கே ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். இரண்டு மூன்று அடி, பீடம், திருவாசி என்றால் நான்கைந்து மாதம். உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்பவர்கள் கணக்குத் தனி.

"பத்தே நாளில் தருகிறேன்" என்றால் உஷார்! பெரும்பாலும் கடையில் தயாராக நிற்கும் சிலைதான் கைமாறும். அதை வாங்குவது குற்றமில்லை. ஆனால் கையிலுள்ள ஆயுதமும் முத்திரையும் உங்கள் கோயில் தியான ஸ்லோகத்துக்குப் பொருந்துகிறதா? குருக்களைக் கூட்டிப்போய்ப் பாருங்கள். புதிதாகச் செய்யச் சொன்னீர்களானால் மெழுகு நிலையிலேயே அவரை நேரில் அழைத்துப் போங்கள்; வாட்ஸ்அப் படத்தில் பக்கவாட்டு அளவு தெரியாது. மண் பூசிய பிறகு ஒரு விரலைக்கூட மாற்ற முடியாது.

வெளிநாட்டுக் கோயிலுக்கு அனுப்புவோருக்கு இன்னொரு தலைவலி. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு கடந்த சிலையைத் தனியார் நாட்டைவிட்டு அனுப்ப முடியாது. நேற்று வார்த்த சிலையும் சுங்க அதிகாரி கண்ணுக்குப் பழசாகத் தெரியலாம். ஆகவே தொல்லியல் துறையிடம் "பழம்பொருள் அல்ல" என்ற சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்கும், கப்பலுக்கும் நாள் ஒதுக்குங்கள்.

சிலை வந்து இறங்கிய மறுநாளே பிரதிஷ்டை என்றும் கணக்குப் போடாதீர்கள். ஜலாதிவாசம், தானியாதிவாசம் இருக்கின்றன. தைக்கு வேண்டுமானால் ஆனியிலேயே முன்பணம் கொடுத்துவிடுங்கள். மழைக்கு முன்பே மண் காய்ந்துவிடும். ஆனி தாண்டிவிட்டதா? முகூர்த்தத்தை வைகாசிக்கு மாற்றித் தரச் சொல்லி இன்றே ஜோசியரைப் பாருங்கள்.