ஜன்னலில் நின்று கண்ட பூசை

இத்தாலி தேசத்து மிலான் நகரத்தில், ஜனசஞ்சாரம் ஓயாத சில வீதிச் சந்திப்புகளில், உச்சியிலே சிலுவையையோ ஒரு புனிதரின் சுரூபத்தையோ தாங்கிய பழைய கல்தூண்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றின் பூர்வ வரலாற்றை அறியாதவர்கள் நகரத்துக்கு அழகு செய்ய நாட்டியவை என்றே எண்ணிக் கடந்து போவார்கள். ஆனால் 1576-ஆம் ஆண்டில் கொள்ளைநோய் அந்நகரத்தைப் பற்றிக்கொண்டபோது, கோவிலுக்குப் போக வழியின்றி வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த ஜனங்கள் தத்தம் ஜன்னலில் நின்றபடியே பூசை காண்பதற்கென்று வீதிகளில் எழுப்பப்பட்ட பலிபீடங்களின் ஞாபகத்தையே அத்தகைய தூண்கள் காத்து வருகின்றன.

அந்த ஏற்பாட்டின் அருமையை உணர்வதற்குக் கத்தோலிக்க வழிபாட்டின் இயல்பைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் குடியிருக்கும் குடும்பங்கள் யாவும் ஒரு பங்கைச் சேர்ந்தவை. அந்தப் பங்கின் கோவிலில்தான் அவர்களுடைய பிள்ளைகள் ஞானஸ்நானம் பெறுகிறார்கள், அங்கேதான் திருமணம் நடக்கிறது, அங்கிருந்துதான் பிரேதம் கல்லறைத் தோட்டத்துக்குப் புறப்படுகிறது. தேவதிரவிய அனுமானங்கள் என்று முன்னோர் பெயரிட்ட சடங்குகள் ஏழும் மனத்தினால் நினைத்த மாத்திரத்தில் நிறைவேறுவன அல்ல: தண்ணீர் சிரசின்மேல் வார்க்கப்பட வேண்டும், தைலம் நெற்றியிலே பூசப்பட வேண்டும், நற்கருணை அப்பம் நாவிலோ கையிலோ வைக்கப்பட வேண்டும், பாவசங்கீர்த்தனம் செய்கிறவர் குருவின் சமுகத்தில் இருந்து வாய்திறந்து சொல்ல வேண்டும். இவ்வாறு சமீபத்தையும் ஸ்பரிசத்தையும் ஆதாரமாகக் கொண்ட ஒரு வழிபாட்டுக்கு, சமீபமும் ஸ்பரிசமுமே மரணத்தின் வாயிலாகிவிடும் மகாமாரிக் காலத்தைப் போன்ற சோதனை வேறில்லை.

அப்போது மிலான் நகரத்தின் அதிமேற்றிராணியாராக இருந்தவர் கர்தினால் கார்லோ பொரோமேயோ. 1538-இல் அரோனா என்னும் ஊரில் பிரபு குலத்தில் பிறந்து, பாப்பரசர் நான்காம் பயஸ் அவர்களின் மருமகன் என்ற உறவினாலே இருபத்தொரு வயதிலேயே கர்தினால் பதவியைப் பெற்ற அவர், ரோமாபுரியில் சுகமாக வாழ்ந்திருக்கக் கூடியவர். எனினும் திரெந்து நகரில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கத்தின் சீர்திருத்தங்களைத் தம் மறைமாவட்டத்தில் நடைமுறைப்படுத்த வேண்டும் என்ற ஒரே வைராக்கியத்தோடு மிலானுக்கு வந்து தங்கினார். நோய் பரவத் தொடங்கியபோது அவர் அண்டையிலுள்ள லோதி நகரத்து மேற்றிராணியாரின் அடக்கத்துக்குப் போயிருந்தார். ஸ்பானிய அரசின் பிரதிநிதியாயிருந்த ஆளுநரும், வசதியுள்ள பிரபுக்களில் பலரும் மிலானைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்த சமயத்தில், இவர் நகரத்துக்குள் திரும்பி வந்தார். தம் மாளிகையின் திரைச்சீலைகளையும் பட்டு விரிப்புகளையும் கிழித்துக் குளிரில் நடுங்கிய ஏழைகளுக்கு உடையாகத் தைக்கக் கொடுத்தார் என்று சரித்திரம் கூறுகிறது.

முதலில் அவர் செய்தது அக்கால வழக்கத்தை ஒட்டியதே. அக்டோபர் மாதத்தில், கழுத்தில் கயிறும் வெறுங்காலுமாக, ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த ஆணி என்று அந்நகரம் போற்றி வரும் புனிதப் பொருளை ஏந்தி, ஜனங்கள் பின்தொடர வீதிவலம் வந்தார். கூட்டம் கூடுவது நோய்க்கு வழிவிடும் என்ற அச்சம் நகர அதிகாரிகளுக்கு இருந்தது. அந்த அச்சம் நியாயமானது என்பதை நாம் இன்று அறிவோம். அந்த மாத இறுதியில், நகரத்தார் அனைவரும் தத்தம் வீட்டுக்குள்ளேயே தங்கியிருக்க வேண்டும் என்ற கட்டளை பிறந்தது. நாற்பது நாள் என்று ஆரம்பித்த அந்த அடைப்பு மேலும் நீடித்தது.

என் அபிப்பிராயத்தில் கார்லோவின் மேன்மை வெளிப்பட்டது வீதிவலத்தில் அன்று. இந்த அடைப்புக் காலத்தில்தான். அரசாங்கக் கட்டளையோடு அவர் மல்லுக்கு நிற்கவில்லை. 'வீட்டிலிருந்தே மனத்துக்குள் செபித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லி ஜனங்களைக் கைவிடவும் இல்லை. ஜனங்கள் கோவிலுக்கு வரலாகாது என்றால் கோவில் ஜனங்களிடம் போகட்டும் என்று தீர்மானித்து, நாற்சந்திகளிலும் வீதிமுனைகளிலும் பலிபீடங்களை அமைக்கச் செய்து, சுற்றுவட்டத்து வீடுகளின் ஜன்னல்களிலிருந்து எல்லாரும் காணும்படி அங்கே பூசை நடத்துவித்தார். குருமார் வீதிவீதியாகச் சென்று, வாசற்படிக்கு வெளியே ஒரு முக்காலியில் அமர்ந்து, உள்ளே நின்றவர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டார்கள். நற்கருணையும் வாசலுக்கே வந்தது. நாள்தோறும் ஏழு முறை மணி ஒலித்தது. மணியோசை எழுந்ததும் ஒரு வீட்டார் சங்கீதத்தையோ மன்றாட்டுமாலையையோ தொடங்க, எதிர்வீட்டார் ஜன்னலில் நின்று மறுமொழி பாட, வீதி முழுவதும் ஒரே பாடகர் குழாமாகிவிடும். அக்காலத்தில் அங்கிருந்த பாவோலோ பிஷியோலா என்னும் சேசு சபைக் குரு இவற்றையெல்லாம் 1577-இல் எழுதி வெளியிட்டிருப்பதனாலேயே நாமும் அறிந்துகொள்ள முடிகிறது.

நகரத்தின் கிழக்கு வாயிலுக்கு வெளியே 288 அறைகளோடு சதுரமாக அமைந்திருந்த நோயாளர் விடுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் நடுமுற்றத்தில், எந்த அறையில் கிடக்கும் நோயாளியும் வாசல் வழியே பீடத்தைப் பார்க்கும்படி, சுவர்களுக்குப் பதிலாக நாற்புறமும் திறந்த வளைவுகளைக்கொண்ட எண்கோண வடிவக் கோவில் ஒன்றைப் பிற்பாடு கட்டுவித்தார்கள். விடுதி ஏறக்குறைய முற்றிலும் மறைந்துபோய்விட்டது. அந்தக் கோவில் இன்றும் இருக்கிறது.

அந்தக் கொள்ளைநோயில் மிலானில் மாண்டவர்கள் சுமார் 17,000 பேர். நோய் நீங்கினால் அர்ச். செபஸ்தியாருக்கு ஆலயம் எழுப்புவதாக நகரத்தார் நேர்ந்துகொண்டார்கள். 1577-இல் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பேதியும் அம்மையும் ஊரைச் சூறையாடிய நாட்களில் நம் தமிழ்க் கிராமத்துக் கத்தோலிக்கர் அம்பு தைத்த அதே செபஸ்தியாரைத்தான் சப்பரத்தில் எழுந்தருளச் செய்து மன்றாடினார்கள் என்பது, கடல் கடந்து வந்த பக்தி இங்கே எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது என்பதைக் காட்டும்.

1630-இல் மறுபடியும் மிலானில் கொள்ளைநோய் பரவியது. அப்போது அதிமேற்றிராணியாராக இருந்தவர் கார்லோவின் சிற்றப்பா மகனான பெதெரிகோ பொரோமேயோ. 1610-இல் அர்ச்சியசிஷ்டர் பட்டம் பெற்றிருந்த கார்லோவின் திருவுடலைப் பவனியாகக் கொண்டுபோக வேண்டும் என்று நகரத்தார் வற்புறுத்த, முதலில் மறுத்த பெதெரிகோ பின்னர் இசைந்தார். ஜூன் 11-ஆம் நாள் பெருந்திரளான ஜனங்கள் புடைசூழ அந்தப் பவனி நடந்தது. அதன் பின்பு மரணங்கள் பெருகின. இத்தாலிய எழுத்தாளர் மன்ஸோனி தம்முடைய புகழ்பெற்ற நாவலில் இந்தச் சம்பவத்தை மிகுந்த வேதனையோடு விவரித்திருக்கிறார். கார்லோவின் சரீரத்தைச் சுமந்தவர்கள், அவர் அமைத்த வீதிப் பீடங்களை நினைத்திருக்கலாகாதா என்று என் மனம் ஏங்குகிறது.

நம் காலத்தில் கொரோனா நோய் ஐரோப்பாவில் முதன்முதலாகக் கடுமையாகத் தாக்கிய பிரதேசமும் மிலானைத் தலைநகராகக்கொண்ட லொம்பார்தியாவே. 2020 பிப்ரவரி 23 மாலை முதல் அங்கே ஜனங்கள் கூடும் பூசைகள் நின்றன. மார்ச் 8 முதல் இத்தாலி முழுவதும் நின்றன. மே 18 வரையில் மீண்டும் தொடங்கவில்லை. மார்ச் 11 அன்று அதிமேற்றிராணியார் மாரியோ தெல்பினி பேராலயத்தின் கூரைமேல் ஏறி, கோபுர உச்சியிலுள்ள தேவமாதாவின் பொற்சுரூபத்தை நோக்கி நகரத்துக்காக மன்றாடினார். மார்ச் 27 மாலையில், மழை பெய்துகொண்டிருந்த வெறுமையான வத்திக்கான் இராயப்பர் சதுக்கத்தில், 1522-ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போது ரோமாபுரி வீதிகளில் பவனியாகக் கொண்டுசெல்லப்பட்ட அதே பாடுபட்ட சுரூபத்தின் முன்னே பாப்பரசர் பிரான்சிஸ் நின்று, நற்கருணையை உயர்த்தி உலகத்தை ஆசீர்வதித்தார். பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கு விலக்கப்பட்டது. குருவின் சகாயமின்றி மரிப்பவர்களுக்கும் பூரண பலன் உண்டு என்றும், அவர்களுக்காகத் திருச்சபையே மன்றாடுகிறது என்றும் ரோமாபுரியின் சாசனம் ஒன்று ஆறுதல் கூறியது. மிலானுக்கு அருகிலுள்ள பெர்கமோ மறைமாவட்டத்திலோ, அந்த ஒரு வசந்தத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குருமார் மாண்டுபோனார்கள். பிள்ளைகள் பெற்றோரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவும் முடியாமல் பிரேதங்கள் வேற்றூர்த் தகனசாலைகளுக்கு இராணுவ வண்டிகளில் போயின.

அந்த மாதங்களில் உலகமெங்கும் கத்தோலிக்கர் கண்ட பூசை தொலைக்காட்சியிலும் கைப்பேசித் திரையிலும் கண்ட பூசையே. நம் வேளாங்கண்ணியிலும் அவ்வாண்டுத் திருவிழா யாத்திரிகர் இல்லாமல் நடந்தது. நடந்து வந்து கடல்போல் திரளும் ஜனங்கள் வீட்டிலிருந்தே கொடியேற்றத்தைக் கண்டார்கள். நற்கருணையை ஆசையினால் உட்கொள்ளும், திரெந்து சங்கம் 1551-லேயே அங்கீகரித்துப் பேசிய 'ஞான நன்மை' என்னும் பழைய பக்தி முயற்சி புத்துயிர் பெற்றது. இவை அற்பமானவை என்று நான் சொல்லமாட்டேன். படுக்கையை விட்டு எழ இயலாத முதியவர்களுக்குத் திரை அளித்த ஆறுதல் மெய்யானது. ஆயினும் ஜன்னலுக்கும் திரைக்கும் உள்ள பேதத்தை நாம் மறக்கலாகாது. மிலானில் ஜன்னலைத் திறந்தவர் பீடத்தை மாத்திரம் காணவில்லை. எதிர்வீட்டுக் கிழவியைக் கண்டார், நேற்றுப் பாடிய குரல் இன்று பாடவில்லை என்பதை அறிந்தார், அந்த வீட்டுக்கு யாரேனும் போக வேண்டுமென்று உணர்ந்தார். திரையிலோ ரோமாபுரி வந்துவிட்டது. அடுத்த வீடு வரவில்லை. அருகருகே வாழ்பவர்களின் கூட்டுறவுதான் பங்கு என்றால், அந்தக் காலத்தில் அதிகமாய் நலிந்தது வழிபாடு அன்று, இந்த அயலுறவே.

நம் தமிழகப் பங்குகளிலோ அதற்கான சாதனம் ஏற்கெனவே இருக்கிறது. ஒரே தெருவிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள குடும்பங்களைச் சேர்த்து அன்பியம் என்று அமைத்திருக்கிறார்கள். வீடுவீடாகக் கூடிச் செபிப்பதும், வேதாகமம் வாசிப்பதும், துன்பப்படுவோரை விசாரிப்பதும் அவற்றின் வழக்கம். மறுபடியும் ஒரு மகாமாரியினால் கோவில் கதவை அடைக்க நேருமாயின், எந்தத் தெருவில் எந்த வேளையில் மணியோசைக்கு எல்லாரும் வாசலிலும் மாடியிலும் நின்று செபிப்பது, தனியே வாழும் முதியவர்கள் யார், அவர்களுக்கு உணவும் மருந்தும் சேர்ப்பவர் யார், நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோக மருத்துவரின் யோசனைப்படி எவரைப் பழக்குவது, மரணம் நேர்ந்த வீட்டுக்கு முதலில் போகிறவர் யார் என்பவற்றை ஒவ்வொரு அன்பியமும் எழுதி வைத்துக்கொள்ளலாம். அதற்கு நோய் வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. பங்குப் பேரவையின் அடுத்த கூட்டத்திலேயே ஆரம்பிக்கலாம்.