கொல்லிமலைச் சாமையும் மாணவர் ஆராய்ச்சித் திட்டமும்

நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செல்ல வேண்டும். ஓரியின் மலை என்றும், ஆகாய கங்கை அருவி வீழும் மலை என்றும் அறிந்து அங்கே வருகிறவர்களிடையே கல்லூரி மாணவர்களும் உண்டு. அவர்களுடைய கையில் பல பக்கங்கள் கொண்ட வினாப்பட்டியல் ஒன்று இருக்கும். 'கொல்லிமலைப் பழங்குடி மக்களின் சமூகப் பொருளாதார நிலை' என்பது போன்ற தலைப்பு அதன் முகப்பில் காணப்படும். பத்து மாணவர்கள் பத்து ஆண்டுகள் உழைத்தாலும் முடிவு பெறாத பொருளை நான்கு மாதத்தில் முடித்துவிட ஒரு மாணவர் முனைவது இரங்கத்தக்கதே. குறை அவருடைய ஊக்கத்தில் இல்லை; ஆராய்ச்சித் திட்டத்தை வகுத்த முறையில் இருக்கிறது. ஆகவே அத்திட்டத்தை எங்ஙனம் வகுத்து, எங்ஙனம் எடுத்துரைப்பது என்பதை இம்மலையின் சாமைப் பயிரைக் கொண்டே ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் அமைந்த இம்மலையில் வாழும் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் சாமை, தினை, வரகு, கேழ்வரகு ஆகியவற்றை வழிவழியாகப் பயிரிட்டு உண்டு வந்தனர். கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை என்றாற்போல ஒவ்வொரு தானியத்திலும் பல வகைகள் அவர்களிடம் இருந்தன. 1970களுக்குப் பின்னர் இப்பயிர்களின் பரப்பு வெகுவாகச் சுருங்கியது. சேலம், நாமக்கல் வட்டாரத்துச் ஜவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக் கிழங்கை மாவுச்சத்தின் 'பாயிண்ட்' கணக்கில் விலைக்கு வாங்கவே, அது சாமைக் கொல்லைகளை எடுத்துக்கொண்டது. நியாயவிலைக் கடையின் அரிசியும் மலைக்கு வந்து சேர்ந்தது.

இவ்வளவும் அறிந்த செய்தி. இதையே மீண்டும் எழுதிக் கொடுப்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. மாணவர் கேட்க வேண்டிய கேள்வி இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. சாமை விளைவது குறைந்ததற்கு விலை ஒன்றே காரணமாயின், தன் வீட்டு அடுப்புக்கென்று சிறிதளவாவது பயிரிடுவதை ஏன் ஒரு குடும்பம் கைவிட வேண்டும்? இதற்கு விடை உரலடியில் இருக்கிறது. சாமையின் உமி கெட்டியானது. உரலில் இட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடியும் குத்தினால்தான் அரிசி கிடைக்கும். பகலெல்லாம் கொல்லையில் உழைத்துத் திரும்பும் பெண்ணே இவ்வேலையையும் செய்ய வேண்டும். கேழ்வரகுக்கு அத்தகைய உமி இல்லை. கதிரடித்துத் தூற்றியபின் நேரே மாவாக அரைத்துக்கொள்ளலாம்.

சென்னையில் 1988ஆம் ஆண்டு தோன்றிய எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களின் நடுவிலிருந்து இம்மலையில் சிறுதானியப் பாதுகாப்புப் பணியை மேற்கொண்டது. விதை சேமிப்பு, மதிப்புக் கூட்டிய பண்டங்கள் ஆகியவற்றோடு, உமி நீக்கும் எந்திரங்களைச் சில ஊர்களில் மகளிர் குழுக்களின் பொறுப்பில் அமைக்கும் வேலையும் அதில் இடம்பெற்றது. பயிரைக் காப்பதற்கு உலக்கையைக் கவனிக்க வேண்டியிருந்தது என்பதை மாணவர் ஊன்றி நோக்க வேண்டும். கொல்லையை மட்டும் பார்த்திருந்தால் இவ்வுண்மை புலப்பட்டிராது.

இனி, ஒரு மாணவி இதிலிருந்து தன் திட்டத்தை வகுக்கிறாள் எனக் கொள்வோம். அவளுடைய கேள்வி ஒரே வாக்கியத்தில் அடங்க வேண்டும்: 'உமி நீக்கும் எந்திரம் அருகிலுள்ள ஊரில் சாமை சமைக்கும் வீடுகள், எந்திரம் தொலைவிலுள்ள ஊரைவிட அதிகமா?' ஆம் என்றோ இல்லை என்றோ விடை வரக்கூடிய கேள்வி இது. 'இல்லை' என்ற விடை வந்தாலும் அது தோல்வியன்று. எந்திரம் பழுதுபட்டுக் கிடக்கலாம். குழந்தைகளுக்கு நெல்லரிசிச் சோறே பிடித்துப் போயிருக்கலாம். அதுவும் அறிய வேண்டியதே.

அடுத்து, அளக்கும் முறை. 'மிகுந்த சிரமம்' என்று எழுதுவதில் பயனில்லை. ஒரு தராசும் ஒரு கைக்கடிகாரமும் போதும். இத்தனை கிலோ சாமையைக் குத்த எத்தனை நிமிடம் ஆயிற்று, அரிசி எவ்வளவு தேறியது, நொய் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளலாம். வீட்டில் படி, வள்ளம் என்று சொல்வார்களாயின், அந்த வீட்டுப் படியையே நிறுத்துப் பார்த்துக்கொள்வது நலம்; படிக்குப் படி வேறுபாடு உண்டு. பேருந்து நிற்கும் சாலையோர வீடுகளை மட்டும் கேட்டுத் திரும்புவது பெரும் பிழை. ஊரின் வீடுகளை வரிசையாக எண்ணி, மூன்றாவது அல்லது ஐந்தாவது வீடு எனத் தேர்ந்தால் ஒருபுறச் சாய்வு குறையும். விதைப் பெயர்களிலும் விழிப்பு வேண்டும். ஓர் ஊரில் ஒரு பெயரால் வழங்கும் சாமை அடுத்த ஊரில் வேறு பெயர் பெறலாம். ஆதலால் பெயரோடு கதிரையும் காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

காலத்தைக் கருதாத திட்டங்களே மிகுதி. கல்லூரியின் கடைசிப் பருவம் மார்கழியை ஒட்டித் தொடங்குகிறது. சாமையோ கோடை மழைக்குப்பின் விதைக்கும் மானாவாரிப் பயிர். தை பிறந்தபின் மலையேறும் மாணவிக்கு அதன் தாளையே காண முடியும். நம் மாணவியின் கேள்வி அடுக்களையைப் பற்றியது ஆதலின் அவள் தப்பினாள். விளைச்சலை அளக்க விரும்புவோர் முந்திய ஆண்டின் கோடையிலேயே ஏற்பாடு செய்தாக வேண்டும்.

விதை, மூலிகை முதலியவற்றைச் சேகரிப்பதாயின், 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தின்படி உள்ளாட்சி தோறும் அமைய வேண்டிய மேலாண்மைக் குழுவை முதலிலேயே நாடுவது முறை. காப்புக் காட்டில் எதையும் எடுப்பதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும்.

தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் போன்ற அமைப்புகள் மாணவர் திட்டங்களுக்குப் பொருளுதவி செய்கின்றன. அவர்களுக்கு அனுப்பும் செலவுக் கணக்கில் பேருந்துக் கட்டணம், தராசு, குறிப்பேடு ஆகியவற்றை எழுதுவோர், ஒரு பெண் நமக்காக உட்கார்ந்து பேசிய நேரத்திற்கு ஒன்றும் எழுதுவதில்லை. கூலி வேலையை விட்டு அவள் பேசியிருப்பாளாயின் அந்த இழப்பும் கணக்கில் ஏற வேண்டியதே என்பது நம் கருத்து.

திட்டத்தை எடுத்துரைப்பது இரண்டு அவைகளில் நிகழ வேண்டும். முதல் அவை மலையிலுள்ள ஊரே. அங்கே எழுத்துப் பிரதி வேண்டாம். இன்னது கேட்கப் போகிறோம், விருப்பமில்லாதவர் மறுக்கலாம், பெயர் வெளிவராது என்பதைப் பேச்சுத் தமிழில் பத்து நிமிடத்தில் சொன்னால் போதும். 'இதனால் எங்களுக்கு என்ன?' என்று யாரேனும் ஒரு முதியவர் கேட்பார். அக்கேள்விக்குத் தடுமாறாமல் விடை சொல்ல இயலாத திட்டத்தை அன்றே திருத்திவிடுவது நன்று. எந்திரம் வந்துவிடும் என்றோ, உதவி கிடைக்கும் என்றோ வாக்களிக்கலாகாது.

இரண்டாவது அவை வல்லுநர் குழு. அவர்களுக்குக் கொல்லிமலையின் வரலாற்றை ஓரி காலத்திலிருந்து தொடங்குவது நேரத்தை வீணாக்கும். ஒரு கைப்பிடி உமியுள்ள சாமையையும் ஒரு கைப்பிடி சாமையரிசியையும் மேசைமேல் வைத்து, இதிலிருந்து அது வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதே என் ஆராய்ச்சியின் தொடக்கம் என்று அவள் கூறட்டும். பின்னர் கேள்வி, ஊர்கள், அளவை, கால அட்டவணை, செலவு என்ற முறையில் செல்லலாம். தெரியாத ஒன்றை வினவினால் தெரியாது என்றும், அதை அறியும் வழி இன்னது என்றும் சொல்ல வேண்டும். குழுவினர் அதைக் குறையாகக் கொள்வதில்லை.

செலவுக் கணக்கின் கடைசி வரியில் மற்றொரு பயணத்தையும் அவள் சேர்த்திருக்க வேண்டும். அறிக்கை முடிந்தபின், அதன் முடிவை ஒரே தாளில் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு, முதலில் அனுமதி கேட்ட அதே ஊருக்குச் சென்று படித்துக் காட்டித் திரும்புவதற்கான பேருந்துக் கட்டணம் அது.