கணக்கு பீரியடு காலியாப் போகுதா? இவரைப் பாருங்க

"இன்னைக்கும் கணக்கு சார் வரல" என்று பத்தாவது படிக்கும் பிள்ளை ஒரு வாரமாகச் சொல்லுதா? ஈக்காட்டுத்தாங்கலில் இருந்து கிண்டி எஸ்டேட் ஷிஃப்ட்டுக்கு ஓடுகிற பெற்றோருக்குப் பள்ளிக்குப் போக அரை மணி நேரம் கிடைப்பதே பெரிசு. அந்த அரை மணியில் உதவித் தலைமையாசிரியரைப் பாருங்கள். தனியார் பள்ளி என்றால் துணை முதல்வர்.

கால அட்டவணை பெரும்பாலும் இவர் கையில்தான். ஆசிரியர் லீவு போட்டால், அந்த பீரியடுக்கு யாரை அனுப்புவது என்று காலையிலேயே முடிவு செய்ய வேண்டும். யாராவது போய் உட்கார்ந்தால் சத்தம் அடங்கும், பாடம் நடக்காது. கணக்குத் தெரிந்தவரைத் தேடி அனுப்புவதில்தான் சாமர்த்தியமே இருக்கு. காலாண்டுத் தேர்வில் 35 மதிப்பெண்ணைத் தொடாத மெல்ல மலரும் மாணவர்களுக்குத் தனி வகுப்பு போடுவதிலும் இவர் பங்கு உண்டு.

அதனால் "எப்படிப் படிக்கிறான்?" என்று பொதுவாகக் கேட்காதீங்க. "இந்த மாசம் எத்தனை கணக்கு பீரியடு நடந்தது? விட்ட பாடம் எப்போ?" என்று கேளுங்க.

பணியிடமே காலி என்றால் இவரால் நிரப்ப முடியாது. அரசுப் பள்ளியில் அதைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குக் கொண்டு போங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-ன்படி இக்குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தீர்மானமாக எழுதச் சொல்லுங்க. அப்படியும் நகரவில்லையா? 14417-க்கு போன் போடுங்கள். வகுப்பு, பாடம், எத்தனை நாளாக என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு பேசுங்க.