கொச்சியைத் துண்டாக்கிக் கொடுங்கள்

ஜூன் பிறந்து மழை பிடித்துவிட்டால் கொச்சி மட்டாஞ்சேரியின் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீடுதான் உலகம். கையில் போன் ஏறிவிடும். அதைப் பிடுங்கிக்கொண்டு ஜிக்சா பசில் வாங்கிக் கொடுத்தால் படிப்புக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா? உண்டு. ஆனால் பெட்டி மேல் அச்சடித்திருக்கும் அளவுக்கு இல்லை.

இது வெறும் விளையாட்டுதானே என்பீர்கள். பிறந்தபோது அது பாடப் பொருள். 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் வரைபடத்தை மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லை வழியே அறுத்து விற்றார். பிள்ளைகள் சேர்த்துச் சேர்த்துப் பூகோளம் படித்தார்கள். 1939-ல் அடையாறுக்கு வந்து, போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிய மரியா மாண்டிசோரியின் கல்வி முறையிலும் குமிழ் வைத்த வரைபடப் பலகைகள் உண்டு. மாண்டிசோரி பள்ளிகளில் இன்றும் பார்க்கலாம்.

சரி, பிள்ளைக்கு என்ன வளர்கிறது? முக்கியமாக இடவறிவு (ஒரு பொருளைத் திருப்பினால் எப்படித் தெரியும், எதோடு பொருந்தும் என்று மனத்துக்குள்ளேயே பார்க்கும் திறன்). சிகாகோ பல்கலைக்கழகத்தின் சூசன் லெவின் குழு 53 குழந்தைகளை, இரண்டு வயதிலிருந்து ஏறக்குறைய நான்கு வயது வரை, அவரவர் வீட்டிலேயே கவனித்தது. பசில் ஆடிய பிள்ளைகள் நாலரை வயதில் வடிவங்களைத் திருப்பிச் சேர்க்கும் சோதனையை மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். முடிவு வெளிவந்தது 2012-ல். பெற்றோரின் படிப்பையும் வருமானத்தையும் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் நின்றது.

அப்படியானால் பசில்தான் காரணமா? அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. இயல்பிலேயே அதில் கெட்டிக்காரப் பிள்ளை பசிலைத் தேடிப் போயிருக்கலாம். அதனால் கணக்கில் நூறு வாங்கும் என்று எதிர்பார்த்து வாங்காதீர்கள். வடிவியல், வரைபடம் பார்ப்பது போன்றவற்றுக்கு நல்ல பழக்கம் என்று நினைத்து வாங்குங்கள்.

பெண் பிள்ளை இருக்கும் வீட்டுக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதே ஆய்வில் பெண்களும் ஆண்களுக்குச் சமமாகவே பசில் ஆடினார்கள். ஆனால் ஆண் பிள்ளைகள் ஆடியவை கடினமானவை. கூட உட்கார்ந்த பெற்றோரும் அவர்களோடுதான் இடம், வடிவம் பற்றி அதிகம் பேசினார்கள். மகளுக்கும் கடினமானதைக் கொடுங்கள்.

எதைப் பேசுவது? "மூலைத் துண்டு எங்கே?", "கொஞ்சம் திருப்பிப் பாரு", "இந்தப் பக்கம் நேரா இருக்கே, ஓரத்துல வருமோ?" இவ்வளவு போதும். பள்ளியில் மலையாளமும் இங்கிலீஷுமாக இருக்கும் பிள்ளைக்கு இந்தச் சொற்கள் தமிழிலும் பழகும்.

கோபப்பட்டுத் துண்டைத் தூக்கி எறிந்தால்? பத்துத் துண்டில் இரண்டை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை நீங்களே சேர்த்து வைத்துக் கொடுங்கள். அடுத்த முறை நான்கு. சேருவது தெரிந்தால் பிள்ளை தானாக உட்காரும்.

காசு போட்டு வாங்கத்தான் வேண்டுமா? வேண்டாம். கொச்சியே தண்ணீர் அறுத்து வைத்த ஊர்தானே! ஒரு வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்து, அட்டையில் மைதாப் பசையால் ஒட்டி, ராத்திரி முழுக்கப் பாரம் வைத்துவிடுங்கள். காலையில் பிளேடை நீங்கள் பிடியுங்கள். வைப்பின், வல்லார்பாடம், போல்காட்டி, வெல்லிங்டன் தீவு, ஃபோர்ட் கொச்சியோடு சேர்ந்த மட்டாஞ்சேரி, எறணாகுளம் என்று ஒவ்வொன்றையும் கரையோரமாக வெட்டி எடுங்கள். மிஞ்சும் ஓட்டை விழுந்த தண்ணீர் அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். அதற்கு அடியில் இன்னொரு அட்டையை ஒட்டினால் அதுவே தட்டு. துண்டின் பின்பக்கம் ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதுங்கள்.

வெல்லிங்டன் துண்டைப் பிள்ளை விரலால் தடவட்டும். மற்றவை நெளிந்து நெளிந்து போக, இது பல இடத்தில் நேராக இருக்கும். ஏன் என்று கேட்டால் சொல்லுங்கள்: ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் துறைமுகத்துக்காகக் காயலை ஆழப்படுத்தியபோது வாரிய மண்ணைக் கொட்டி, 1920-களிலும் 30-களிலும் உண்டாக்கிய தீவு அது. அடுத்த முறை வைப்பினுக்குப் படகில் போகும்போது, கடல் எந்த இடைவெளி வழியாக உள்ளே வருகிறது என்று கேளுங்கள். தட்டில் கை வைத்த பிள்ளை காட்டிவிடும்.

போனிலும் பசில் இருக்கிறதே? இருக்கிறது. ஆனால் பல செயலிகளில் துண்டு நேராகவே வந்து நிற்கும். பக்கத்தில் கொண்டுபோனாலே ஒட்டிக்கொள்ளும். திருப்புகிற வேலையே பிள்ளைக்கு இல்லை. விரல்களுக்கும் வேலை இல்லை.

எத்தனை துண்டு சரி? இரண்டு வயதுக்குக் குமிழ் வைத்த நாலைந்து போதும். நான்கு வயதில் இருபது வரை போகலாம். பள்ளிக்குப் போனபின் ஐம்பது, நூறு. இதெல்லாம் உத்தேசக் கணக்கு, உங்கள் பிள்ளையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மூன்று வயதுக்குக் கீழே மட்டும் சிறு துண்டு கூடவே கூடாது. வாய்க்குள் போனால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

துண்டு தொலைந்தால் முழுப் பெட்டியையும் எறிய வேண்டாம். எல்லாவற்றையும் சேர்த்துவிட்டு, மிஞ்சிய ஓட்டைக்கு அடியில் காகிதம் வைத்துப் பென்சிலால் சுற்றி வரையச் சொல்லுங்கள். அதே அளவுக்கு அட்டையில் வெட்டிக் கொடுத்தால், விட்டுப்போன படத்தைப் பிள்ளையே வரைந்து நிரப்பிக்கொள்ளும்.